கூண்டு ஏற்றாத துறைமுகம்

நாகப்பட்டினம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்றாலே கூண்டுதான். 'துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று ரேடியோவில் கேட்டே காற்றின் வேகத்தை மனசுக்குள் அளந்து பழகியவர்கள் நாங்கள். ஒன்று என்றால் எங்கோ தொலைவில் ஏதோ கிளம்புகிறது. பத்து என்றால் பேராபத்து. பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், மழைக்காலத்தில் ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் சித்தப்பா கேட்கிற முதல் கேள்வி, "அங்க எத்தனாம் நம்பர் ஏத்திருக்கான்?" இங்கே கூண்டே கிடையாது சித்தப்பா என்றால் நம்பமாட்டார். "ஆயிரம் கப்பல் நிக்கிற துறைமுகம்ங்கிற, ஒரு கூண்டு இல்லையாடா?"

இல்லைதான். புயல் வராத ஊருக்குக் கூண்டு எதற்கு? சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வடக்கே, 1.3 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. புயல் சுழலுவதற்குப் பூமியின் சுழற்சி தரும் கொரியோலிஸ் விசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். விலகிப் போகப் போகத்தான் கூடும். கடல் இங்கே வருஷம் முழுக்கச் சூடுதான், புயலுக்குத் தேவை என்று சொல்லப்படும் 26.5 டிகிரிக்கு மேலேயே நிற்கும். ஆனால் எங்காவது காற்றழுத்தம் குறைந்தால், சுற்றிலும் இருக்கும் காற்று சுழலாமல் நேராக உள்ளே பாய்ந்து அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிக்குள் புயல் உருவாகாது என்று பாடப்புத்தகங்கள் எழுதிவைத்திருந்தன.

2001 டிசம்பர் வரைக்கும்.

அந்த மாதக் கடைசியில் வாமெய் என்ற புயல் 1.4 டிகிரியில் உருவானது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தென்கிழக்குக் கரையில் 27-ஆம் தேதி ஏறியது. எப்படி நடந்தது என்று ஆய்வாளர்கள் பின்னால் பிரித்துப் பார்த்தார்கள். போர்னியோவின் மேற்குக் கரையை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிக்கடி ஒரு சுழி உருவாகும். வழக்கமாக அது கொஞ்சம் மழை பெய்துவிட்டுக் கரைந்துபோகும். அந்த முறை சுழி மெல்ல நகர்ந்து கடலின் நடுவே வந்து நின்றது. வடக்கிலிருந்து பாய்ந்து வந்த குளிர்காற்று, மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடையே இருக்கும் குறுகலான கடலில் நெருக்கப்பட்டு, அந்தச் சுழியின் ஒரு பக்கமாகவே நாள்கணக்கில் உரசிக்கொண்டு போனது. பூமி கொடுக்காத சுழற்சியைக் காற்றே கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் சில அதன் நடுவில் மாட்டிக்கொண்டன. அவை பதிவு செய்த வேகத்தை வைத்து அமெரிக்கர்கள் அதை டைஃபூன், அதாவது கடும்புயல், என்றார்கள். ஜப்பானியர்கள் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொண்டார்கள். பிறகு சுமத்ராவையும் தாண்டி அது வங்கக் கடல் பக்கம் போனது. அந்தப் பெயர் இப்போது பட்டியலில் இல்லை, ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் கண் விரிய, 'அப்போ இங்கேயும் புயல் வரும்!' என்பார்கள். வரலாம். ஆனால் அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, உதிரிப் பாகம், ஆள் என்று எல்லாவற்றையும் லாஞ்ச் என்கிற சின்ன விசைப்படகில் ஏற்றி அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் பல வருஷமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்து இந்தக் கடலில் பெரிய வானிலை பெரிதாக ஏமாற்றுவதில்லை. நாலைந்து நாளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. சொல்லாமல் கொள்ளாமல் வருவது சின்ன வானிலை. அதற்குப் பெயர் வைப்பதில்லை, எண் கிடையாது, இரண்டு மணி நேரத்தில் முடிந்தும்விடும். எங்கள் பிழைப்பைக் கெடுப்பது அதுதான்.

சுமத்ரா ஸ்குவால் என்கிற திடீர்க் காற்றுமழையைச் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அதன் காலம். பகலில் சுமத்ராவின் மலைகள்மேல் இடிமேகம் கட்டும். ராத்திரி நிலம் குளிர்ந்ததும் இரண்டு கரையிலிருந்தும் நிலக்காற்று கிளம்பி மலாக்கா நீரிணையின் நடுவில் மோதும். கடல் சூடாகவே இருப்பதால் மேகங்கள் அங்கே மறுபடி உயிர்பிடித்து, வடக்கு தெற்காக ஒரு நீண்ட வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். மேல்காற்று அந்த வரிசையைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலிருந்து காலை வரைக்குள் சிங்கப்பூரைக் கடக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை திடீர்க் காற்று, ஒன்று இரண்டு மணி நேரம் கொட்டும் மழை, அவ்வளவுதான். வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு அது நல்ல தூக்கம். ஐந்து மணி லாஞ்ச்சுக்கு மரீனா சவுத் பியரில் சாமானோடு நிற்பவனுக்கு அப்படி இல்லை.

ஒரு காலை நினைவிருக்கிறது. கிழக்கு ஆங்கரேஜில், அதாவது கப்பல்கள் நங்கூரம் போடும் இடத்தில், நின்ற ஒரு எண்ணெய்க் கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளை லாஞ்சில் அடுக்கி முடித்துவிட்டோம். காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. ரேடாரில் நீரிணைமேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தது. ஆனால் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. லாஞ்ச் ஓட்டும் அண்ணன் கடலூர்க்காரர், நான் பிறந்த காலத்திலிருந்தே படகில் இருப்பவர்.

"அண்ணே, அது வர்றதுக்குள்ள போட்டுட்டு வந்துரலாமா?"

"போறது போயிரலாம் தம்பி. ஏணில ஆளு ஏறணுமே, அதச் சொல்லுங்க."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். மின்னல் மட்டும் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் இருக்கும், முகத்தில் ஜில்லென்று ஒரு காற்று வந்து பட்டது. மழை வாசனையோடு, அதுவரை இருந்த புழுக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத குளிர். "கயித்த இன்னொண்ணு போடுங்க" என்றார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் எதிரே நின்ற கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக மழையில் மறைந்தன.

அப்படி மறைவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கலாம். கரையிலிருக்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பல்கள் சாதாரணமாக நீரோட்டத்துக்கு முகம் காட்டி, எல்லாம் ஒரே திசையில் நிற்கும். ஸ்குவால் அடித்ததும் சரக்கில்லாத கப்பல்கள் முதலில் திரும்பும். அவற்றின் உடம்பு தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்பதால் காற்றுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. சரக்கு ஏற்றித் தாழ்ந்து கிடக்கும் டேங்கர்களோ நீரோட்டத்தின் பிடியிலேயே இருக்கும். காற்று அவற்றை அவ்வளவு சீக்கிரம் அசைக்காது. ஆக, ஒழுங்காக இடைவெளி விட்டு நின்ற கப்பல்கள், இது ஒரு பக்கம் அது ஒரு பக்கம் பார்த்தபடி, ஒன்றின் வால் இன்னொன்றின் முகத்தை நெருங்கும். அப்போது எதாவது ஒன்றின் நங்கூரம் அடிமண்ணில் பிடி விட்டு இழுபட ஆரம்பித்தால் போச்சு. கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு கப்பலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டால் புரியும். குரலில் பதற்றமே இருக்காது. ஆனால் இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது.

இந்த ஊரில் இதுவரை பதிவானதிலேயே வேகமான காற்று ஸ்குவாலில்தான் வந்தது: 1984 ஏப்ரல் 25, தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர். சில நொடி நேர வீச்சு என்றாலும் எங்கள் ஊரில் அந்த எண்ணுக்குப் பெரிய கூண்டு ஏறியிருக்கும். காலையில்தான் வரும் என்பதும் கட்டாயமில்லை. 2024 செப்டம்பர் 17 அன்று பொழுது சாய்ந்த பிறகு வந்து அடித்தது, தெங்காவில் 83.2 கிலோமீட்டர், தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் முன்னாலேயே சொல்ல முடிவதில்லை? ஆப்பில் மழை என்று போட்டால் வெயில் அடிக்கிறது, வெயில் என்றால் துணி நனைகிறது என்று காபிக்கடையில் உட்கார்ந்து வானிலை ஆய்வகத்தை வாங்கு வாங்கென்று வாங்காதவர் இந்த ஊரில் குறைவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெப்பமண்டலத்துக்கு வெளியே, ஐரோப்பா ஜப்பான் பக்கமெல்லாம், குளிர்காற்றும் சூடான காற்றும் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு மோதிக்கொண்டு நகர்கின்றன. அது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டால் மூன்று நாள் கழித்து என்ன நடக்கும் என்பது ஓரளவு கிடைத்துவிடும். இங்கே அந்த மாதிரிப் பெரிய எல்லைக்கோடு எதுவும் இல்லை. இன்றைக்கும் நாளைக்கும் வெப்பம் ஒன்றுதான், அழுத்தம் ஒன்றுதான். உலையில் நீர் கொதிக்கப் போகிறது என்று தெரியும். முதல் குமிழி எந்த மூலையில் கிளம்பும் என்று யார் சொல்வது? ஒரு இடிமேகம் பத்து கிலோமீட்டர் அகலம், ஒரு மணி நேர ஆயுள். ஈசூனில் கொட்டும்போது பிடோக்கில் வெயில் காய்வது இதனால்தான். அதனால்தான் இங்கே இரண்டு மணி நேர முன்னறிவிப்பு என்று ஒன்றைத் தனியாக, பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மின்னல் எச்சரிக்கையும் அப்படித்தான். 'கேட் ஒன்' என்று அறிவித்தால் கப்பல் பட்டறையில் மேல்தளத்தில் நிற்பவர்கள் இறங்கி வந்துவிட வேண்டும். விலகியதும் மறுபடி ஏறலாம். நம்ம ஊர்ப் பையன்கள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வார்த்தைகளில் இதுவும் ஒன்று.

கடல் முன்னறிவிப்பை வாசிப்பது வேறு பழக்கம். நகரத்துக்கான அறிவிப்பு மழை வருமா வராதா என்று சொல்லும். கப்பல்காரனுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு வேண்டியது காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், கண் எவ்வளவு தூரம் தெரியும் என்பவை. நாவ்டெக்ஸ் என்று ஒரு கருவி, 518 கிலோஹெர்ட்ஸில் வரும் செய்திகளைத் தானாகவே பிடித்துக் காட்டும். சிங்கப்பூர் நிலையத்தின் அடையாள எழுத்து 'சி'. பழைய கப்பல்களில் அது கடை ரசீது மாதிரி மெல்லிய தாளில் அச்சாகிச் சுருண்டு விழும்.

மலேசிய வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கைகளை நான் விரும்பி வாசிப்பேன், பெயர்களுக்காகவே. கடலைப் பேட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்துத் தீவின் பெயரை வைத்திருக்கிறார்கள்: புக்கெட், சமுய், தியோமான், பூங்குரான், காண்டோர், லாயாங் லாயாங். காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்றால் முதல் நிலை. சின்னப் படகுகள் போகக் கூடாது. 50 முதல் 60, அலை 4.5 மீட்டர் வரை என்றால் இரண்டாம் நிலை. அதையும் தாண்டினால் மூன்றாவது. நமக்குக் கூண்டு எப்படியோ அவர்களுக்கு இது.

அலை உயரம் என்று போடும் எண்ணில் ஒரு விஷயம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்லிவிடுவேன். இரண்டு மீட்டர் என்றால் எல்லா அலையும் இரண்டு மீட்டர் என்று அர்த்தமில்லை; அதுதான் உச்சம் என்றும் அர்த்தமில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். ஆக, நடுநடுவே அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வரத்தான் செய்யும். லாஞ்சிலிருந்து கப்பலின் கயிற்றேணிக்குத் தாவும் ஆள் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

டிசம்பர், ஜனவரியில் கதை மாறும். ஊரில் சித்தப்பா வாடைக்காற்று என்று சொல்லும் அதே வடகிழக்குக் காற்றுதான், இங்கே தென்சீனக் கடல் வழியாக வருகிறது. சைபீரியாவில் குளிர்ந்து கனத்த காற்று திரண்டு, சீனக் கரையோரமாகத் தெற்கே உருண்டு வர நாட்கள் ஆகும். வரும் வழி நெடுக அது தெரியும்: முதலில் ஹாங்காங்கில் குளிர், பிறகு வியட்நாம் கரையில் கொந்தளிப்பு, அப்புறம் காண்டோர், பூங்குரான், தியோமான் என்று எச்சரிக்கை தெற்கே இறங்கிவரும். தைவான் பக்கத்திலிருந்து தியோமான் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாத கடல். அவ்வளவு தூரம் காற்று ஒரே திசையில் உழுதால் அலை எப்படி இருக்கும்? தியோமானில் விடுதிகள் பலவும் நவம்பரிலேயே கதவைச் சாத்திவிடுகின்றன.

சிங்கப்பூர் நீரிணைக்குள் அந்த அலை அப்படியே வராது. ஜொகூரும் ரியாவ் தீவுகளும் மறித்துக்கொள்ளும். ஆனால் கிழக்கு வாசலில், 1851-இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கம் நிற்கும் பெட்ரா பிராங்கா பக்கம், மறைப்பு கிடையாது. அங்கே நீரோட்டம் வெளியே போகும் நேரத்தில் காற்று எதிரே உள்ளே வந்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பும். எண்ணில் ஒன்றரை மீட்டர் என்றுதான் இருக்கும். சின்னப் படகில் இருப்பவன் குடல் வேறு எண் சொல்லும்.

2025 ஜனவரி 10-இலிருந்து 13 வரை அடித்த மழை இந்த வகை. சாங்கியில் முதல் இரண்டு நாளில் மட்டும் 255.2 மில்லிமீட்டர், ஜனவரி மாதம் முழுக்க அங்கே பெய்யும் சராசரியே 222.4தான். ஊரே ஸ்வெட்டர் தேடியது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கப்பல்களுக்கு அனுப்ப வேண்டியதை முன்னாலேயே அனுப்பிவிட்டோம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்துக் கடலைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பரில் டெல்டாவின் தென்னைகளை வேரோடு சாய்த்த கஜா, முதலில் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வாகத் தலைகாட்டியது. தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடலில் இறங்கிய பிறகுதான் அது வளர்ந்தது. 1989-இல் 'கே' புயல் அதே வளைகுடாவில் சீக்ரெஸ்ட் என்ற எண்ணெய்த் துரப்பணக் கப்பலைக் கவிழ்த்து 91 பேரைக் கொன்றுவிட்டு, தாய்லாந்தைத் தாண்டி வங்கக் கடலில் இன்னும் பலம் சேர்த்துக்கொண்டு ஆந்திராவில் ஏறியது. கணக்குப்படி 100 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே புயலுக்குப் பெயர் வைப்பது டோக்கியோ; மேற்கே டெல்லி. 2019 ஜனவரியில் பாபுக் புயல் அந்தக் கோட்டைத் தாண்டியபோது ஒரு கை விட, இன்னொரு கை பிடித்துக்கொண்டது.

அப்புறம் சென்யார். 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே, இரண்டு பக்கமும் நிலம் நெருக்கும் அந்தத் தண்ணீரிலேயே, ஒரு புயல் உருவாகிச் சுமத்ராவின் வடகிழக்கில் ஏறியது. பிறகு திரும்பி நீரிணையைக் கடந்து மலேசியாவுக்குள் போனது. காற்று பெரிதில்லை. மழைதான்: சுமத்ராவில் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். புயலை இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று காற்றால் மட்டுமே அளக்கும் நம் பழக்கம் எவ்வளவு அரைகுறை என்பது அந்த வாரம் தெரிந்தது. அதே வாரம் திட்வா புயல் இலங்கையை மூழ்கடித்தது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்கும் நாகைக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தோம். மீதிப் பேர் சுமத்ராவின் மேடான் நகரத்துக்கு.

செயற்கைக்கோள் இல்லாத காலத்து மாலுமிகள் இந்தக் கடலில் பாரமானியை வைத்தே பிழைத்தார்கள் என்று ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் சொல்வார். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடிகாரம் மாதிரி: காலை பத்து மணிக்கு ஏறும், பிற்பகல் நாலுக்கு இறங்கும், ராத்திரி மறுபடி ஒரு சுற்று. அந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும், அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறதென்றே வைத்துக்கொள் என்பது இன்றைக்கும் பாடம். ஸ்குவாலுக்குத்தான் அப்படி ஒரு விதி கிடையாது.

அதனால் திங்கட்கிழமை ஒரு கேப்டன் மெயில் போட்டு, வியாழக்கிழமை காலை ஆங்கரேஜில் வானிலை எப்படி என்று கேட்டால், நான் மாதத்தைப் பார்த்துத்தான் பதில் எழுதுவேன். ஜனவரி என்றால் காற்று, அலை எல்லாவற்றுக்கும் எண்ணோடு பதில் போகும். ஜூன் என்றால், 'காற்று தெற்கிலிருந்து, லேசானது. அதிகாலை ஸ்குவால் வரலாம். புதன் நள்ளிரவுக்கு மேல் ரேடாரைப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதுவேன். இதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரும். வட கடலில் பத்து நாள் முன்னறிவிப்பை நம்பிக் கப்பல் ஓட்டியவர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. போன வருஷம் ஒரு கப்பல் முதலாளியின் ஆபீஸ், லாஞ்ச் ஜெட்டியில் மழைக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்துக்குக் காசு தர முடியாது, முன்னறிவிப்பில் மழை என்று போடவே இல்லையே என்று வாதாடியது. ரேடார் படங்களை நேரத்தோடு இணைத்து அனுப்பினேன். பாதித் தொகை வந்தது. மீதிக்கு இன்னும் மெயில் போய்க்கொண்டிருக்கிறது.